பாவடித் தெருவின் தட்டு முறை

மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, துளசிமணி தன் செத்துப்போன மகளின் பழைய லேப்டாப்பில் ஒரு டிவிடியைப் போட்டு, அது படிக்காமல் டக்கு டக்கென்று தட்டிக்கொண்டே சுற்ற ஆரம்பித்ததும், மேற்கே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிழக்கே மாரியம்மன் கோயில் வரைக்கும் பாவடித் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் வலி நின்றுபோனது. பல்வலிக்காரனுக்குப் பல் மறந்தது, தறியில் நின்று நின்று இடுப்பொடிந்தவர்களுக்கு இடுப்பு மறந்தது, மருமகள் பேசிய பேச்சை மூன்று நாளாக மென்றுகொண்டிருந்த மாமியாருக்கு அந்தப் பேச்சே மறந்தது. துளசிமணிக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குள் நிற்பதற்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டு முன்னறையில் தார் சுற்றும் மிஷின் வைத்து, தெருவின் விசைத்தறிகளுக்கு ஊடை நூலைக் கட்டை கட்டையாகச் சுற்றிக் கொடுப்பவள். புருசன் மயில்சாமிக்கு நான்கு தறி. ஒரே மகள் கோகிலவாணி சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவள். மாங்காய், மயில், யானை என்று கட்டம் கட்டமாக லேப்டாப்பில் வரைந்து, டிவிடியில் ஏற்றி, அந்த டிசைனைத் தறி அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள், ஏனென்றால் அந்த மனுசனின் கம்ப்யூட்டர் அவரைப்போலவே டிவிடியைத் தாண்டி எதையும் ஏற்றுக்கொள்ளாது. ஐப்பசியில் டெங்குக் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டாள். இருபத்து நான்கு வயது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவள் போனையும் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான்.

துளசிமணி அழவில்லை. எடுத்துக்கொண்டு போகிறபோதும் அழவில்லை, மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தும் அழவில்லை, நான்காம் நாள் மிஷினில் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். கட்டிப்பிடித்து அழ வந்த பொம்பளைகள் எல்லாரும் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிப்பிடித்ததுபோல விலகிப் போனார்கள். “அழுதுரு துளசி, உள்ளேயே வெச்சுக்காத” என்று முதலில் சொன்னவர்களே பிறகு “கல்லு மனசுக்காரி” என்று சொன்னார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. பெற்ற மகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று தன்னைத் தானே நினைக்கிறபோது, தட்டில் சோறு அப்படியே இருக்க எழுந்து போய்விடுவாள்.

மயில்சாமி நேர் எதிர். தறியை ஓட்டிக்கொண்டே அழுவார், டீ குடித்துக்கொண்டே அழுவார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர்பேர்கூடக் கேட்காமல் அழுவார். நான்கு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

மாசியில் அலமாரியைத் துடைக்கிறபோதுதான் அந்த டிவிடி கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவில் ‘வீட்டு வீடியோ’ என்று மகளின் கோணல் எழுத்து. போன் நிறைந்துவிட்டதென்று, எடுத்ததையெல்லாம் இதில் ஏற்றி வைக்கிறேன் என்று அவள் சொன்னது துளசிமணிக்கு நினைவு வந்தது. அவள் சொன்னதுதான் நினைவு வந்ததே தவிர, எந்தக் குரலில் சொன்னாள் என்பது வரவில்லை. முகம் சட்டம் போட்ட படத்தில் இருக்கிறது, துணிமணி பீரோவில் இருக்கிறது, குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் ‘அம்மா’ என்று கூப்பிடுவதை ஒருக்கா கேட்டுவிட்டால் அழுதுவிடுவேன் என்று துளசிமணிக்கு அன்றைக்கு நிச்சயமாகப் பட்டது. அதைத்தான் அவள் நம்பிப் பிடித்துக்கொண்டாள்.

லேப்டாப் பத்து வருசப் பழசு. ஈரோட்டில் பழைய சாமானாக வாங்கியது. மூடியின் கீல் உடைந்து நூல்கண்டை முட்டுக்கொடுத்து நிற்கும், பேட்டரி செத்துப்போய் சார்ஜர் சொருகினால்தான் உயிர் வரும். டிவிடியை வைத்துத் தட்டை உள்ளே தள்ளினால் உர்ரென்று சுற்றும், டக்கு டக்கென்று தேடும், ரெண்டு நிமிசம் முக்கி முனகிவிட்டு, முடியலை சாமி என்று தட்டை வெளியே நீட்டிவிடும். துளசிமணி விடவில்லை. டிவிடியைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துப் போட்டாள், பல்பொடியைக் குழைத்துத் தேய்த்துக் கழுவிப் போட்டாள், திருநீறு வைத்து மெருகேற்றிப் போட்டாள், ஈரமாக இருக்குமோ என்று அரிசி டிரம்முக்குள் ஒரு நாள் புதைத்து எடுத்துப் போட்டாள், யாரோ சொன்னார்கள் என்று லேப்டாப்பையே குப்புறக் கவிழ்த்துப் போட்டாள். ஒவ்வொரு தரமும் அது சுற்றியது, தேடியது, நீட்டியது.

முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டு ருக்குமணிதான். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குச் சர்க்கரை முற்றி இடது காலில் ஆறாத புண்; தினமும் காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரித்துக் கட்டுகிறபோது அவர் போடுகிற கூச்சலில்தான் தெருவே மணி பார்த்துக்கொள்ளும். அன்றைக்குக் கூச்சல் இல்லை. பஞ்சை வைத்து அழுத்துகிறாள், மனுசன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “மத்தியானத்துக்குக் கத்தரிக்காயா?” என்று கேட்கிறார். ரெண்டு நிமிசம் கழித்து “ஐயோ கொல்றாளே!” என்று அலறினார். மறுபடி ரெண்டு நிமிசம் அமைதி. மறுபடி அலறல். ருக்குமணி கையில் பஞ்சோடு தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றாள்.

“துளசிக்கா, உங்கூட்டுல என்னமோ டக்கு டக்குனு ஓடுதே, என்னுங்க்கா அது?”

“பாப்பா டிவிடி. படிக்க மாட்டேங்குது.”

“இன்னொருக்கா தள்ளுங்க பாக்கலாம்.”

துளசிமணி தள்ளினாள். எதிர்வீட்டில் சென்னியப்பன் பாதி அலறலில் நிறுத்திவிட்டு, “ருக்கு, கத்தரிக்காய் வேண்டாம், அவரைக்காய் வையி” என்றார். மூன்று தரம் தள்ளிப் பார்த்தார்கள். மூன்று தரமும் அப்படியே. “அட, இதுதானா!” என்றாள் ருக்குமணி, குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் கிடைத்ததுபோல. பிறகு, “நாளைக்கும் பத்து மணிக்கே போடறீங்களா? நான் கட்டுற நேரத்துக்குச் சரியா இருக்கும்” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இது எப்படி, எதனால் என்று தெருவில் ஒருவரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. நேரம் என்ன, தூரம் எவ்வளவு, அதுதான் பேச்சு. தூரத்தை ஒரு வாரத்தில் அளந்துவிட்டார்கள்: தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கிள்ளினால் வலிக்காது, அந்தப் பக்கம் நின்று கிள்ளினால் வலிக்கும். தொட்டித் திண்டின்மேல் உட்கார்ந்தால் வலது கைக்கு வலிக்கும், இடது கைக்கு வலிக்காது. அடுத்த தெருக்காரர்கள் குழந்தைகளுக்குக் காது குத்த இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள், தாய்மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தைகள் தோட்டையும் ஊசியையும் பார்த்துக் கொட்டாவி விட்டன. கம்பவுண்டர் ஊசிப் பெட்டியோடு கோயில் மரத்தடியிலேயே நாற்காலி போட்டுவிட்டார். ஆடாத பல்லைக்கூட, இருக்கிற சௌகரியத்தில் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சு முறிந்ததை மாப்பிள்ளை வீட்டார் இந்தத் தெருவுக்கு வந்து நின்றுதான் சொன்னார்கள். பெண்வீட்டார் “சரிங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றார்கள்.

மயில்சாமி தறியை விட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். தட்டு நீட்டிக்கொண்டு வரும், கண் கலங்கும், உள்ளே தள்ளுவார், காய்ந்துவிடும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவருக்கு அதுதான் வேலை. கையை எடுத்தால் மகள் நினைவில் வந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். பங்குனிக் கடைசியில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிந்தார், அப்போதுதான் தெரு கூடி முறை போட்டது. கோயில் பூசைக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை இருப்பதுபோல, தட்டு தள்ளுவதற்கும் வீட்டுக்கு ஒரு நாள், ராவும் பகலுமாக. காலண்டர் அட்டையில் எழுதி துளசிமணி வீட்டுச் சுவரில் தொங்கவிட்டார்கள். முறைக்காரர்கள் குளித்துவிட்டு வந்தார்கள், யாரும் சொல்லாமலே. லேப்டாப் சூடாகாமல் இருக்க நாலு செங்கல் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு, மேலே மேசைவிசிறி சுழன்றது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் நிற்கிற அறிவிப்பு வந்தால் தெருவே முந்தின நாளிலிருந்து முகம் தொங்கிப்போய், அன்றைக்கு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலைச் சாத்திக்கொள்வார்கள்.

நல்லதென்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி கொதிக்கிற கஞ்சிக்குள் கையை விட்டு, தோல் உரிந்த பிறகுதான் பார்த்தாள். பிள்ளைகள் விழுந்து முட்டி பெயர்ந்து, அழாமல், ரத்தத்தோடு ஓடி விளையாடின. மிளகாய் உறைக்கவில்லை, ஒரு கைப்பிடி கூடப் போட்டார்கள், வயிறு கெட்டது, அதுவும் தெரியவில்லை. சிரிப்பும் போயிற்று. யாராவது நல்ல வேடிக்கையாகப் பேசினால், “ஆமா, வேடிக்கைதான்” என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் தெருக்கோடி பொன்னுரங்கம் இறந்துபோனார். எழுபத்தெட்டு வயது, நாலு மகன், மூணு மகள். மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், மகள்கள் வரிசையாக வந்து அப்பன் காலடியில் நின்றார்கள், வாயைத் திறந்தார்கள், ஒன்றும் வரவில்லை. மூத்த மகள் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, “விளக்குக்கு எண்ணெய் இருக்குதா?” என்று கேட்டாள். கம்பத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதுபோல மனுசனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் நின்ற துளசிமணி அதைப் பார்த்தாள். நானும் இப்படித்தானே நின்றேன், என் பாப்பாவும் இப்படித்தானே போனாள் என்று நினைத்தாள். அந்த நினைப்புகூட வலிக்காமல்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலை தட்டில் வேறொரு பழைய டிஸ்க்கை மாற்றி வைத்துவிட்டு, அந்த டிவிடியோடு அவள் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அன்வர்தீன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். நாற்பது வயது, பேச்சு குறைவு, கை நிதானம். டிவிடியைத் தன் கடையில் மூன்று மிஷினில் போட்டுப் பார்த்தான். மூன்றும் காலி டிஸ்க் என்றன.

“அக்கா, சில டிஸ்க்கு அதை எழுதுன மிஷின்ல மட்டுந்தான் ஓடும். இது அந்தச் சாதி. உங்க மிஷினைப் பாக்கோணும், அப்பத்தான் சொல்ல முடியும்.”

ஸ்க்ரூ டிரைவர் பெட்டியோடு அவன் மறுநாள் தெருவுக்கு வந்தான். தொட்டிக்குப் பக்கத்திலேயே பொம்பளைகள் மறித்துக்கொண்டார்கள். பேச்சு ரொம்ப மரியாதையாக இருந்தது. “அண்ணா, ரிப்பேர் பண்ற மாதிரி அங்க ஒண்ணும் இல்லீங்க. மோர் குடிங்க. குடிச்சுட்டு அப்படியே திரும்பிருங்க” என்று ருக்குமணி சொம்பை நீட்டினாள். அவன் மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

துளசிமணி அன்று மத்தியானம் முறைக்காரி தட்டை இவளிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பைப் பழைய சேலையில் சுற்றி, வயர்கூடையில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினாள். மயில்சாமி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டுகிறபோதே தெரு முழுக்க ஒரு முனகல் எழுந்தது, பிறகு சென்னியப்பனின் அலறல், பிறகு தன் புருசனின் அழுகை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்வர்தீன் முதலில் பெட்டியைத் திறக்காமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்தான். சின்ன பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க்கைச் சுற்றவிட்டான், சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டான், காற்றுப் பம்பால் ஊதினான், புது டிஸ்க் ஒன்றைப் போட்டான். அதையும் படிக்கவில்லை. அப்புறம் தட்டைத் தனியாகக் கழற்றி, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.

“அக்கா, இங்க பாருங்க. இதுதான் லென்ஸ், மிஷினோட கண்ணு. மேல சுத்தமாத்தான் இருக்குது. ஆனா கண்ணுக்கு அடியில, ஓரமா ஒழுகி இறங்கி, என்னமோ மஞ்சளா காஞ்சு கெடக்குது. நடுவுல சிவப்பு. எதுங்க இது?”

துளசிமணி குனிந்து பார்த்தாள். அரிசிமணியில் பாதி அளவு இருக்கும். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சந்தனம், தம்பி” என்றாள். “நடுவுல குங்குமம்.”

ஆயுத பூசையன்று தறிக்கெல்லாம் பொட்டு வைத்து, தார் மிஷினுக்கு வைத்து, கத்தரிக்கோல், தையல் மிஷின், மிக்சி, ஸ்கூட்டர் என்று ஒன்று விடாமல் வைத்து வருகிறபோது, மகளின் லேப்டாப்புக்கும் மூடிமேல் ஒன்று வைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த பட்டனை அழுத்தித் தட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே குட்டியாக, பளபளவென்று, ஒரு கண் அவளைப் பார்த்தது. பாப்பாவுக்குச் சோறு போடுகிற கண் அல்லவா என்று மோதிர விரலால் தண்ணிச் சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் ஒரு பொட்டு, அதற்குமேல் குங்குமம், மனசுக்குள் ஒரு கும்பிடு. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தாள், அந்தத் தட்டை மறுபடி திறக்கவே இல்லை.

“நாந்தான் அதோட கண்ணை அவிச்சிருக்கறேன்” என்றாள் துளசிமணி.

“தெரியாமத்தானுங்க்கா வெச்சீங்க. எங்க கடை மானிட்டருக்குள்ளயே பக்கத்துக்கடை ஐயரு வருசம் தவறாம வெச்சுட்டுப் போறாரு” என்றான் அன்வர்தீன். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றினான். “ஸ்பிரிட்டு நனைச்சுத் தொடச்சா படிக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுங்க. தொடைக்கறப்ப லென்ஸ் அசைஞ்சுருச்சுன்னா டிஸ்க்கும் படிக்காது, இப்ப சுத்தற மாதிரி சுத்தவும் சுத்தாது. இப்பவே தொடைக்கட்டுங்களா?”

அவளுக்குத் தெருவிடம் சொல்லாமல் செய்தால் அது திருட்டு என்று பட்டது. அதோடு, மகள் குரலைத் தான் மட்டும் கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது எந்த ஊர் நியாயம். “ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாங்க தம்பி. மறிக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தாள்.

தொட்டியடியில் தெருவே நின்றது. மூன்று மணி நேரம் வலித்த முகங்கள். மயில்சாமி மண்ணில் உட்கார்ந்திருந்தார், சட்டை முன்புறம் முழுக்க ஈரம். துளசிமணி கூடையை இறக்காமலே, பொட்டு வைத்த கதையைச் சொன்னாள், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அந்தத் தெருவில் வெட்டுக்கத்தி முனைக்கும் டிவி ரிமோட்டுக்கும் பொட்டு வைக்காத பொம்பளை ஒருத்தியும் இல்லை. சாந்தாமணி மெதுவாக, “நான் எங்க மோட்டாருக்கு உள்ளயே கை உட்டு வெச்சேன். அதான் புகையுதா என்னமோ” என்றாள்.

“தொடைக்கறதுன்னு இருக்கறேன்” என்றாள் துளசிமணி. “எம்மவ பேசறதை நான் ஒருக்கா கேக்கோணும். கேட்டாத்தான் எனக்கு அழுகை வரும். ஏழு மாசமா நான் அழுகாம கெடக்கறேன்.”

எல்லாரும் ருக்குமணியைப் பார்த்தார்கள். எதிர்ப்பு அங்கேயிருந்துதான் வரவேண்டும். ருக்குமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“மத்தியானம் அவரு கத்துன கத்துல நான் பயந்து கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். புண்ணு கணுக்காலுக்கு ஏறியிருக்குது, துளசிக்கா. நாலு மாசமா வலிக்கலைன்னு நான் பஞ்சை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டே இருந்திருக்கறேன். வலிச்சிருந்தா எப்பவோ ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். வெரலோட போயிருக்கும். இப்பப் பாதம் போகுமாட்ட இருக்குது.” முந்தானையை இடுப்பில் செருகினாள். “தொடைச்சுருங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, போதும்.”

மிச்சமிருந்த நாலு நாளும் தெருவுக்கு மூச்சுவிட நேரமில்லை. காது குத்த வேண்டியவர்கள் குத்திக்கொண்டார்கள், பல் பிடுங்க வேண்டியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், தம்பியிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அண்ணன் சொன்னான், புருசனிடம் மறைத்ததைப் பெண்டாட்டி சொன்னாள், பொன்னுரங்கத்தின் மூத்த மகள் அப்பாவின் துணியையெல்லாம் மடித்து மூட்டை கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காக உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்; தொட்டியைத் தாண்டுகிறவரை அவர் அவரைக்காய்க் கூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் மயில்சாமி தட்டை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்: “துளசி, அந்தக் குரலைக் கேட்டா நான் தாங்க மாட்டேன்.”

“தாங்க வேண்டாமுங்க” என்றாள் அவள். “ரெண்டு பேரும் தாங்காம இருப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அன்வர்தீன் வந்தான். தெருவில் தறி ஒன்றும் ஓடவில்லை, எல்லா வீட்டு வாசலும் திறந்திருந்தது, எல்லாரும் அவரவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டைக் கழற்றி, லென்சைத் தூக்கி, பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தான்.

“குடுங்க தம்பி. நான் வெச்சதை நானே எடுத்தர்றேன்.”

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சந்தனத்தில் விரல்ரேகை மாதிரி இரண்டு கோடு தெரிந்தது. துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் தொட்டு எடுத்தாள். குச்சி மஞ்சளானது. அன்வர்தீன் பூட்டினான். டிவிடியை வைத்தான். மயில்சாமி தட்டை உள்ளே தள்ளினார்.

உர்ரென்று சுற்றியது. டக்கு என்று ஒரே ஒரு தட்டு. பிறகு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. திரையில் நான்கு வீடியோ வந்து நின்றன. அந்த நொடியே தெருக்கோடியில் பொன்னுரங்கத்தின் மூத்த மகள் “அப்பா” என்று கத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக, நாலு மாசத்து முட்டிவலியும் பல்வலியும் சுட்ட கையும் முறிந்த கல்யாணமும் வந்து சேர்ந்தன.

முதல் வீடியோவில் தறி ஓடியது. இரண்டாவதில் பூனை. மூன்றாவதில் மயில்சாமி வாய் திறந்து தூங்கினார். நான்காவதில் துளசிமணி தார் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எடுத்தவள் எதிலும் இல்லை. குரல் மட்டும் படத்துக்கு வெளியிலிருந்து வந்தது.

“அம்மா, இங்க பாரு. அம்மோவ்!”

“போடி அக்கட்ட. வேலை கெடக்குது.”

“ஒருக்கா சிரிச்சீன்னா உட்டர்றேன். அப்பா பல்செட்டைத் தேடுன கதையை நெனச்சுக்க.”

திரையில் துளசிமணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். மயில்சாமி சுவரில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். துளசிமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பு, ‘அம்மோவ்’ என்று கடைசியில் ஓர் இழுப்பு. இதுதான், இதேதான். ஆனால் அழுகை வரவில்லை. மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் வரவில்லை. தெருவே அழுதுகொண்டிருக்க, தன் கண் மட்டும் காய்ந்து கிடப்பதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்வர்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார்க்கிற குரலில் கேட்டான்: “அக்கா, இந்த மிஷின் இன்னும் எத்தினி நாளைக்குத் தாங்குமோ தெரியாது. டிஸ்க்கை முடிச்சுக் குடுத்தரட்டுங்களா? அப்பத்தான் வேற மிஷின்லயும் ஓடும்.”

“முடிக்கறதுன்னா என்னுங்க தம்பி?”

“பாப்பா மேல மேல ஏத்திக்கலாம்னு மூடாம வெச்சிருக்குது. முக்கால்வாசி எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது. மூடிட்டா எங்க வேணா போட்டுப் பாக்கலாம். ஆனா இனி இதுல புதுசா ஒண்ணும் ஏத்த முடியாது.”

துளசிமணி திரையைப் பார்த்தாள். “இனி ஏத்தறதுக்கு ஆரு இருக்கறா. மூடுங்க” என்றாள், கடைக்காரரிடம் பொட்டலம் கட்டச் சொல்வதுபோல.

அவன் ஒரு பட்டனை அழுத்தினான். டிஸ்க் சீராகச் சுற்றியது, திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர ஆரம்பித்தது. கால்வாசி போனது. பாதி போனது. துளசிமணியின் கை தானாக நீண்டு தட்டின் விளிம்பைப் பிடித்தது.

“தம்பி, நிறுத்துங்க.”

“அக்கா, நடுவுல நிறுத்துனா எல்லாமே போயிருமுங்க.”

“சித்த நேரம் நிறுத்துங்க சாமி. காலியா எடம் இருக்குதுன்னீங்களே. அவ ஏத்துவா. ஏத்தோணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அவ வந்து ஏத்துவா, உடுங்க!”

பச்சைக் கோடு வலது ஓரத்தைத் தொட்டது. தட்டு வெளியே வந்தது.

துளசிமணி போட்ட சத்தத்தில் கோயில் மரத்துக் காக்காய் எல்லாம் கிளம்பின. தரையில் விழுந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு, “எம்பாப்பா போயிட்டாளே, எம்பாப்பா போயிட்டாளே” என்று அவள் கத்தியதைக் கேட்டு, அவரவர் வலியோடு நொண்டிக்கொண்டும் கையைப் பிடித்துக்கொண்டும் பொம்பளைகள் ஓடிவந்தார்கள். தலையை விரித்துப்போட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், ஆம்பளைகள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள், யாரோ ஓடிப்போய் கோயில் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். பாவடித் தெருவில் கோகிலவாணி செத்துப்போனது அன்றைக்குத்தான்.